கோதிக் பேராலயத்தில் வரலாற்றுப் படம் எடுப்பது எப்படி?

வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த ஒரு முடிசூட்டு விழாவைத் திரையில் காட்ட விரும்பும் தயாரிப்புக் குழு, அந்தக் காட்சியை வெஸ்ட்மின்ஸ்டரில் எடுக்க முடியாது என்று வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும். அந்த வேடத்தை இங்கிலாந்தின் மற்றப் பேராலயங்களே காலங்காலமாக ஏற்று வந்திருக்கின்றன. 1998-இல் வெளிவந்த 'எலிசபெத்' படத்தின் முடிசூட்டுக் காட்சி யார்க் மின்ஸ்டரிலும், 2009-இல் வந்த 'தி யங் விக்டோரியா'வின் முடிசூட்டுக் காட்சி லிங்கன் பேராலயத்திலும் எடுக்கப்பட்டன. 'தி கிங்ஸ் ஸ்பீச்' (2010) படத்திலும் 'தி கிரவுன்' (2016) தொடரிலும் அபேயாகத் தோன்றுவது ஈலி பேராலயம். 'நெப்போலியன்' (2023) படத்தில் லிங்கன் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி, பாரிஸின் நோத்ர தாமாகவே நடித்தது. 2019 ஏப்ரல் தீ விபத்துக்குப் பிறகு உண்மையான நோத்ர தாம் சீரமைப்பில் இருந்ததால் அங்கே கேமராவை வைப்பதற்கான பேச்சுக்கே அப்போது இடமில்லை.

இத்தகைய கட்டடம் ஒன்றைப் படப்பிடிப்புத் தளமாக்குவதற்கான வழிமுறைகளை, இங்கிலாந்துத் திருச்சபையின் பேராலயங்களை முன்வைத்து இங்கே தருகிறேன். வேலையைத் தொடங்கும்முன் இயக்குநர் முதல் லைட்மேன் வரை அனைவருக்கும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்டுடியோவில் செட் போடுவதுதான் வேலை. இங்கே செட் ஏற்கெனவே எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. ஆகவே கலைத்துறையின் உழைப்பில் பெரும்பகுதி, இருப்பதை மறைப்பதிலும், மறைத்ததை எந்தத் தடயமும் இன்றி நீக்குவதிலும்தான் செலவாகும். பட்ஜெட்டையும் கால அட்டவணையையும் அதற்கேற்பவே போட வேண்டும்.

கதையின் ஆண்டும் கட்டடத்தின் ஆண்டும்

பேராலயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகைக் காட்டிலும் முக்கியமானது அதன் கட்டட வரலாறு. எந்தப் பேராலயமும் ஒரே காலத்தில் கட்டி முடிக்கப்பட்டதல்ல. ஒரே கூரையின்கீழ் நான்கைந்து நூற்றாண்டுகளின் வேலை சேர்ந்திருக்கும். ஈலியை எடுத்துக்கொள்வோம். 1083-இல் தொடங்கிய கட்டடம் அது. அதன் நடுக்கூடம் அரைவட்ட வளைவுகளைக் கொண்ட நார்மன் பாணியைச் சேர்ந்தது. 1322-இல் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தபின் அந்த இடத்தில் எழுப்பப்பட்ட எண்கோண விளக்குக் கோபுரமும், அருகிலுள்ள மாதா சிற்றாலயமும் 14ஆம் நூற்றாண்டுக் கோதிக் வேலைப்பாடுகள். நடுக்கூடத்தின் ஓவியக் கூரையோ விக்டோரியா காலத்தில் தீட்டப்பட்டது. 1937-இல் நடக்கும் முடிசூட்டுக்கு இவை எல்லாம் ஒன்றாகத் தெரிந்தாலும் பாதகமில்லை. 1533-இல் நடக்கும் கதைக்கு அந்தக் கூரை ஆகாது. அங்கே கேமரா மேலே பார்க்காமல் காட்சியை அமைத்தாக வேண்டும்.

ஆகவே இடத்தை நேரில் பார்வையிடும் முதல் ரெக்கிக்குப் போவதற்கு முன்பே பேராலயத்தின் தரைப்படம் ஒன்றை வாங்கி, எந்தப் பகுதி எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று வண்ணம் தீட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். கதை நிகழும் ஆண்டுக்குப் பிற்பட்ட பகுதிகளைச் சிவப்பில் அடித்துவிட்டால், கேமராவை எங்கே வைக்கலாம், எந்தத் திசையில் திருப்பக் கூடாது என்பது இயக்குநருக்கு ஒரே பார்வையில் புரிந்துவிடும். கூர்வளைவுகளும் விலா வளைகூரைகளும் ஒன்றுசேர்ந்த கோதிக் பாணி பாரிஸுக்கு அருகிலுள்ள சேன் தெனி ஆலயத்தில் 1140-களில் உருவம் கொண்டது. இங்கிலாந்தில் அது வேரூன்றியது, 1174-இல் தீக்கிரையான கேன்டர்பரியின் பாடகர் மண்டபத்தைத் திருப்பிக் கட்டத் தொடங்கிய பிறகுதான். கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட் அதே பேராலயத்தில் கொலை செய்யப்பட்டது 1170-இல். அந்தக் கொலையைக் கோதிக் வளைவுகளுக்குக் கீழே எடுத்தால், நான்கு ஆண்டுகள் கழித்துத் தொடங்கவிருக்கும் கட்டட வேலையைப் பின்னணியில் காட்டியவர்கள் ஆவோம். அதற்கு டர்ஹாமின் கனத்த தூண்களோ ஈலியின் நடுக்கூடமோதான் பொருந்தும். அதேபோல் குளோஸ்டர் பேராலயத்தின் சுற்றுத் தாழ்வாரத்தில் விரியும் புகழ்பெற்ற விசிறி வளைகூரை 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்கப்பட்டது. 1200-ஐ ஒட்டிய கதைக்கு அது ஒத்துவராது. டியூடர் காலக் கதைக்கு மிகப் பொருத்தம். அதனால்தான் எட்டாம் ஹென்றியின் அரசவையைக் காட்டிய 'வுல்ஃப் ஹால்' (2015) தொடர் குளோஸ்டரைத் தேடிப் போனது.

கட்டடத்தின் ஆண்டு பொருந்தினாலும் அதன் காயங்கள் பொருந்தாமல் போகலாம். ஈலியின் மாதா சிற்றாலயத்துச் சுவர்களில் வரிசை வரிசையாகச் சிறிய கல் உருவங்கள் உள்ளன. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே தலையற்றவை. 1541-இல் பிஷப் தாமஸ் குட்ரிச் சிலைகளையும் திருப்பண்டங்களையும் அழிக்கக் கட்டளையிட்டதன் விளைவு அது. அருகில் போய்ப் பார்த்தால், சில உருவங்களின் ஆடை மடிப்புகளில் பழைய வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். 1400-இல் நடக்கும் ஒரு திருமணக் காட்சியில் மணமகளுக்குப் பின்னால் அந்தத் தலையற்ற உருவங்கள் நின்றால், விவரம் தெரிந்த பார்வையாளர் அதன்பின் வசனத்தைக் கவனிக்க மாட்டார். அங்கே தொங்குதிரை போடலாம். அல்லது பின்னணியை மங்கலாக்கும் நீள்குவிய லென்ஸைப் பயன்படுத்தலாம். சிலைகளுக்குப் போலித் தலை ஒட்டலாம் என்ற யோசனையை எக்காரணம் கொண்டும் வாய்விட்டுச் சொல்லாதீர்கள்.

இடைக்காலப் பேராலயங்களின் உட்புறம் இன்று காண்பது போலச் சாம்பலும் பழுப்புமாக இருந்ததில்லை. தூண்களிலும் சுவர்களிலும் சிவப்பு, பச்சை, நீலம், பொன் எனப் பூசியிருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டுத் திருச்சபைச் சீர்திருத்த காலத்தில் அவற்றின்மேல் சுண்ணாம்பு ஏறியது. பிற்பாடு அதையும் சுரண்டிக் கல்லை வெளிக்கொணர்ந்தார்கள். திரைப்படங்களோ வெறுங்கல்லையே இடைக்காலத்தின் அடையாளமாக நிலைநிறுத்திவிட்டன. அரண்மனை உட்புறங்களையும் பேராலயங்களில் எடுக்கும் பழக்கத்தால் இந்தப் பிழை இரட்டிப்பாகிறது. சேகர் கபூர் தமது இரண்டு எலிசபெத் படங்களிலும் டர்ஹாமையும் ஈலியையும் அரண்மனையின் பகுதிகளாகக் காட்டினார். டியூடர் அரண்மனைகள் செங்கல்லும் மரப்பலகையும் சித்திரத் திரைச்சீலைகளுமாக இருந்தவை. அப்படிக் கல் குகைபோல் இருந்தவையல்ல. ஆனால் மாபெரும் தூண்களுக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கும் ஓர் இளம் அரசியின் நிலையைச் சொல்ல அந்தக் கல் உதவுகிறது என்பதை மறுக்க முடியாது. பிழை என்று தெரிந்தே செய்வதற்கும் தெரியாமல் செய்வதற்கும் திரையில் வேறுபாடு தெரியும் என்பது என் எண்ணம்.

யாரிடம், எதற்கு அனுமதி?

பேராலயத்தை நிர்வகிப்பது, டீன் எனப்படும் தலைமைக் குருவின்கீழ் இயங்கும் சாப்டர் என்ற குழு. படப்பிடிப்புக்கு ஆமென்று சொல்வதும் இல்லையென்று சொல்வதும் அவர்கள் உரிமை. ஆனால் கட்டடத்தின் இயல்பைப் பாதிக்கக்கூடிய வேலை என்றால் சாப்டரும் தன்னிச்சையாக முடிவெடுக்க முடியாது. 2011-ஆம் ஆண்டின் பேராலயப் பராமரிப்புச் சட்டப்படி, ஒவ்வொரு பேராலயத்துக்கும் உரிய கட்டட ஆலோசனைக் குழுவோ, பெரிய விஷயமாயின் இங்கிலாந்து முழுமைக்குமான பேராலயக் கட்டட ஆணையமோ ஒப்புதல் தர வேண்டும். பேராலயத்தின் கட்டடக் கலைஞரும் தொல்லியலாளரும் கருத்துச் சொல்வார்கள். ஆகவே ஓர் ஆணி அடிப்பதற்கும் குழி தோண்டுவதற்கும் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். இந்தப் பாதைக்குப் போகாமலே வேலையை முடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம்: கல்லில் எதையும் பொருத்தாமல், தானே நிற்கும் சட்டங்களையும் எடைமூட்டைகளையும் கொண்டே முழுக் கலை வடிவமைப்பையும் திட்டமிடுங்கள்.

கதைச்சுருக்கத்தை மட்டும் அனுப்பாமல், அங்கே எடுக்கவிருக்கும் காட்சிகளின் முழு வசனத்தையும் அனுப்புங்கள். ஆலயத்தில் நடத்தப்படும் நாடகம், இசை, படக்காட்சி ஆகியவை இறைவனின் இல்லத்துக்குத் தக்கவையாக இருப்பதைக் குருவானவர் உறுதிசெய்ய வேண்டும் என்று திருச்சபையின் எஃப் 16 விதி கூறுகிறது. பெரும்பாலான சாப்டர்கள் அந்த உணர்வோடுதான் திரைக்கதையைப் படிக்கின்றன. வன்முறை, படுக்கையறைக் காட்சி, தெய்வ நிந்தனை ஆகியவை பற்றி அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே எடுத்துச் சொல்வது நல்லது. படப்பிடிப்பு நாளில் இயக்குநர் புதிதாகச் சேர்க்கும் ஒரு வரி முழு ஒப்பந்தத்தையும் முறித்துவிடக்கூடும்.

2005-இல் 'தி டா வின்சி கோட்' படத்தின்போது நடந்தது இதற்கு நல்ல பாடம். கதையின் இறையியல் ஏற்கத்தக்கதல்ல என்று கூறி வெஸ்ட்மின்ஸ்டர் அபே மறுத்துவிட, லிங்கன் இடம் கொடுத்தது. ஒரு லட்சம் பவுண்டு நன்கொடை பெற்றதாகச் செய்திகள் வந்தன. கன்னியாஸ்திரீ ஒருவர் பேராலயத்துக்கு வெளியே மணிக்கணக்கில் முழந்தாளிட்டு ஜெபித்துத் தம் எதிர்ப்பைத் தெரிவித்தார். அதே படத்துக்கு இடம் கொடுத்த வின்செஸ்டர் பேராலயம், பின்னர் அந்தக் கதையை மறுத்துரைக்கும் கண்காட்சியையும் சொற்பொழிவுகளையும் தன் வளாகத்திலேயே நடத்தியது. தயாரிப்பாளர்கள் இதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. கட்டடத்தை வாடகைக்குக் கொடுத்தவர் கதையையும் ஒப்புக்கொண்டார் என்று பொருளில்லை. அப்படி ஒப்புக்கொண்டதாக விளம்பரத்தில் தொனிக்கவும் கூடாது.

கட்டணத்தைப் பேசும்போது தளவாடகை ஒரு பகுதிதான் என்று நினைவில் வையுங்கள். மூடியிருக்கும் நாள்களில் சுற்றுலாப் பயணிகளின் நுழைவுக் கட்டண இழப்பு, இரவு முழுவதும் கூடவே இருக்கும் வெர்ஜர்களின் (ஆலயத்தின் அன்றாடப் பணிகளைக் கவனிக்கும் ஊழியர்கள்) ஊதியம், காவல், தீக்கண்காணிப்பு, துப்புரவு, ஆர்கனைப் பின்னர் சுருதி கூட்டும் செலவு ஆகிய அனைத்தும் சேரும். இவற்றுள் வெர்ஜர் என்ற பெயரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கதவு எந்தச் சாவிக்குத் திறக்கும், எந்தக் கல் ஆடும், எந்த மின்விளக்கு எந்த சுவிட்சில் அணையும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். டீனின் கையெழுத்து உங்களை வாசல் வரை கொண்டுபோகும். உள்ளே நாளை ஓட்டித் தருபவர் வெர்ஜர்.

வழிபாட்டு நேரமே கால்ஷீட்

பேராலயத்தில் அன்றாட வழிபாடு நின்றுவிடக் கூடாது. காலை ஜெபமும் மாலை நேரப் பாடல் வழிபாடும் எப்படியும் நடக்கும். மாலை வழிபாடு பெரும்பாலும் ஐந்தரை மணியளவில்; அதற்கு முன் பாடகர் குழுவின் ஒத்திகை. சில பேராலயங்கள் படப்பிடிப்பு நாள்களில் வழிபாட்டைப் பக்கச் சிற்றாலயத்துக்கோ சாப்டர் மண்டபத்துக்கோ மாற்றிக்கொள்ள இசையும். இசைந்தாலும், அந்த நேரத்தில் சுத்தியல் சத்தமும் வாக்கி டாக்கியும் அடங்கியிருக்க வேண்டும். முதல் உதவி இயக்குநர் வழிபாட்டு நேரங்களை, அன்றைய வேலை அட்டவணையான கால்ஷீட்டின் முதல் வரியில் அச்சிட்டு, உணவு இடைவேளையை அந்த நேரத்துக்கு மாற்றி வைப்பதே எளிய வழி. தவக்காலத்தின் இறுதி வாரம், ஈஸ்டர், திருவருகைக்காலம் தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை ஆகிய நாள்களைக் கேட்கவே வேண்டாம். திருமணமும் அடக்கச் சடங்கும் பட்டமளிப்பு விழாவும் பல மாதங்களுக்கு முன்பே பதிவாகியிருக்கும் என்பதையும் கவனியுங்கள்.

கோபுரத்தில் கூடு கட்டும் வல்லூறுகளும் இந்த அட்டவணையில் பங்கு கேட்கும். லிங்கன், ஈலி உள்ளிட்ட பல பேராலயக் கோபுரங்களில் அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. கூட்டிலிருக்கும் வல்லூறைத் தொந்தரவு செய்வது 1981-ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். மார்ச் முதல் ஜூன் வரை கோபுரத்தைச் சுற்றி ட்ரோன் பறக்கவிட நினைப்பவர்கள் வேறு மாதத்தைப் பார்க்க வேண்டும். கூரைக்குள் வசிக்கும் வௌவால்களுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதால், இரவுக் காட்சிக்குப் பெருவிளக்குகளை மேல்நோக்கித் திருப்பும்முன் அவை எங்கே தங்குகின்றன என்று கேட்டறியுங்கள்.

மறைக்கும் கலை

முதல் ரெக்கியில் புகைப்படக் கலைஞர் ஒருவரை அழைத்துச் சென்று, கேமரா நிற்கவிருக்கும் ஒவ்வொரு இடத்திலிருந்தும் நாற்புறமும் படமெடுத்து, அதில் கதைக்காலத்துக்கு ஒவ்வாதவற்றை வட்டமிடச் சொல்லுங்கள். தூண்களில் ஒலிபெருக்கிகள், மின்வடங்கள், தீயறிவிப்பான்கள், பச்சை நிற வெளியேறும் வழிப் பலகைகள், சக்கர நாற்காலிச் சாய்தளங்கள், நன்கொடைப் பெட்டிகள் எனப் பட்டியல் நீளும். இவற்றைக் காட்டிலும் ஏமாற்றுபவை பழையவை போலத் தோன்றும் புதியவை. கிரீடம் வைத்த கறுப்பு இரும்பு உருளைகளாக நிற்கும் கர்னி அடுப்புகள் பார்ப்பதற்கு இடைக்காலத்தவை போலிருக்கும்; அவை 1850-களுக்குப் பிந்தையவை. ஈலியின் பாடகர் மண்டபத் தடுப்பு கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட் 19ஆம் நூற்றாண்டில் அமைத்தது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களில் மிகப் பல விக்டோரியா காலத்தவை. நடுக்கூடத்தில் வரிசையாக நாற்காலி போடுவதும் இடைக்கால வழக்கமன்று; அக்காலத்தில் மக்கள் நின்றார்கள், நடந்தார்கள், முழந்தாளிட்டார்கள்.

மறைக்கும் வேலைக்குக் குளோஸ்டரின் எடுத்துக்காட்டு இன்றும் செல்லும். ஹாரி பாட்டர் படங்களுக்காக அங்கே சுற்றுத் தாழ்வாரத்தைப் பள்ளிக்கூட நடைபாதையாக்கியபோது, தரையிலிருந்த கல்லறைக் கல்வெட்டுகளைக் கூரைக்குப் போடும் தார் விரிப்பால் மூடி, அந்த விரிப்பின்மேல் தளக்கல்லைப் போலவே வண்ணம் தீட்டினார்கள். பூட்டுகளும் மின்பொருத்திகளும் கல்போல் வண்ணமிட்ட பலகைகளுக்குப் பின்னால் ஒளிந்தன. விரிப்பு எழுத்துகளை மறைத்தது. கூடவே நூற்றுக்கணக்கான காலணிகளிலிருந்து கல்லையும் காத்தது. 'தி டா வின்சி கோட்' படத்துக்காக லிங்கனின் பத்துப் பக்கச் சாப்டர் மண்டபத்தில் சுவரோவியங்கள் தேவைப்பட்டபோதும், கல்லைத் தொடாமல் அதன்முன் அமைத்த தனி அடுக்கிலேயே வரைந்தார்கள்.

ஒட்டுநாடாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நடிகர்கள் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் நாடா ஒட்டிக் குறிப்பது எல்லாப் படப்பிடிப்பிலும் கை தானாகச் செய்யும் வேலை. பழைய சுண்ணக்கல்லின் மேல்தோல் உதிரும் தன்மையுடையது. நாடாவைப் பிரிக்கும்போது அதுவும் சேர்ந்து வரும், அல்லது பசையின் கறை தங்கி அழுக்கை இழுக்கும். அதற்குப் பதில் மணல் நிரப்பிய சிறு பைகளையோ விரிப்பின்மேல் வைத்த குறிகளையோ பயன்படுத்தச் சொல்லுங்கள். செயற்கை இரத்தத்துக்கும் இதே கவனம் தேவை. துளைகள் நிறைந்த கல் அதைக் குடித்துவிட்டால் துடைத்து எடுக்க முடியாது. கொலைக் காட்சியை வண்ணமிட்ட விரிப்பின்மேல் மட்டுமே எடுங்கள்.

தரையின் வலிமையையும் கணக்கிட வேண்டும். பல கல்லறைக் கற்களுக்குக் கீழே நிலவறைகள் உள்ளன. கிரேன், தூக்கும் மேடை, குதிரை ஆகியவை எந்த வழியாக வரும், எங்கே நிற்கும் என்று எடையோடு எழுதிப் பேராலயக் கட்டடக் கலைஞரிடம் முன்கூட்டியே காட்டி, எடையைப் பரப்பும் பலகைகளின் தடிமனை அவரிடமே கேட்டு வாங்குங்கள். வெளிப்புல்வெளிக்கும் இது பொருந்தும்; நூற்றாண்டுகளாக அடக்கம் நடந்த நிலத்தின்மேல்தான் உங்கள் ஜெனரேட்டர் லாரி நிற்கப் போகிறது.

ஒளி, மெழுகுவர்த்தி, புகை

பேராலயங்கள் கிழக்கு மேற்காக நீண்டவை. தெற்கு ஜன்னல்கள் வழியாக நாள் முழுவதும் நகரும் வெயிலும், வடக்கில் மாறாத மென்மையான ஒளியும் வரும். நீண்ட வசனக் காட்சியை வடபுற நடைகூடத்திலும், ஒளிக்கற்றை வேண்டும் காட்சியை வெயிலின் நேரம் கணக்கிட்டுத் தென்புறத்திலும் வைத்துக்கொள்வது நலம். லிங்கனில் டிசம்பர் பகல் சுமார் 7½ மணி நேரம்தான். ஜூன் இறுதியில் ஏறக்குறைய 17 மணி நேரம் வெளிச்சம் இருக்கும். இரவுக் காட்சியைக் கோடையில் எடுக்க நினைத்தால், இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியற்காலை மூன்றரைக்குள் முடிக்க வேண்டும். அல்லது ஜன்னல்களை வெளியிலிருந்து கறுப்புத் துணியால் மூட வேண்டும். அத்தனை உயர ஜன்னல்களை மூடுவதற்குச் சாரம் கட்டும் செலவைப் பார்த்தால் குளிர்காலத்தின் அருமை விளங்கும்.

வெளியே கோபுர மேடைகளில் பெருவிளக்குகளை ஏற்றி ஜன்னல் வழியே ஒளி பாய்ச்சுவது வழக்கம். கண்ணாடி இடைக்காலத்ததாயின் விளக்கை எவ்வளவு தூரத்தில் நிறுத்த வேண்டும் என்பதைக் கண்ணாடிப் பாதுகாப்பு வல்லுநர் முடிவுசெய்யட்டும். சீரற்ற வெப்பம் கண்ணாடியையும் அதில் சுட்டு ஏற்றிய வண்ணத்தையும் கெடுக்கும். உள்ளே, சுமார் 25 மீட்டர் உயரமுள்ள வளைகூரைக்குக் கீழே தூண்களில் எதையும் கட்ட முடியாத நிலையில், ஹீலியம் நிரப்பிய பலூன் விளக்குகளே கைகொடுக்கும். அவற்றை எடைமூட்டைகளில் கட்டி மிதக்கவிட்டால் கல்லைத் தொடாமலே மேலிருந்து மென்மையான ஒளி கிடைக்கும். கயிறு தளர்ந்து விலா வளைவுகளில் உரசாமல் பார்த்துக்கொள்ள ஒருவரை அதற்கென்றே நிறுத்துங்கள்.

மெழுகுவர்த்திகளைப் பொறுத்தவரை, கேமராவுக்கு அருகில் வரும் சிலவற்றை மட்டும் உண்மையானவையாக வைத்து, பின்னணியில் உள்ள நூற்றுக்கணக்கானவற்றை எல்.ஈ.டி. மெழுகுவர்த்திகளாக வைப்பதே என் பரிந்துரை. எரியும் ஒவ்வொன்றின் அடியிலும் மெழுகு தாங்கும் தட்டும், அருகில் தீயணைப்பானோடு ஓர் ஆளும் வேண்டும். 1984-இல் யார்க் மின்ஸ்டரின் குறுக்குக்கூடத்தின் தென்பகுதி எரிந்ததும், 2019-இல் நோத்ர தாம் எரிந்ததும் பேராலய நிர்வாகிகளின் நினைவிலிருந்து அகலவில்லை. தீ என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் கடுமையாவது இயல்பு.

ஒளிக்கற்றைகளைக் காட்ட ஒளிப்பதிவாளர் மென்புகை கேட்பார். எண்ணெய் சார்ந்த புகை ஆர்கன் குழல்களிலும் மர வேலைப்பாடுகளிலும் படியும் என்பதால் நீர் சார்ந்ததையே பேசி முடியுங்கள். எதைப் பயன்படுத்தினாலும் புகையறிவிப்பான்களை அந்தப் பகுதிக்கு மட்டும் அணைக்க வேண்டியிருக்கும். அதற்குக் காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்து வழி ஒப்புதல் வேண்டும். அணைத்திருக்கும் நேரம் முழுவதும் மனிதக் காவல் வேண்டும். அன்றைய வேலை முடிந்ததும் திரும்ப இயக்கியதை வெர்ஜரும் லொகேஷன் மேனேஜரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்.

ஒலி

கல் மண்டபத்தில் ஒரு சொல் பல விநாடிகள் சுற்றித் திரியும். ஆர்கனுக்கும் கூட்டுப் பாடலுக்கும் அது வரம்; தணிந்த குரலில் பேசப்படும் அரசியல் சூழ்ச்சிக்குச் சாபம். ஆடையில் மறைத்த மைக்குகளை நம்புங்கள். கேமராவுக்குத் தெரியாத இடங்களில் தடித்த திரைகளையும் தரைக்கம்பளங்களையும் பரப்புங்கள். அதே மண்டபத்தின் எதிரொலியை ஆள் இல்லாத நேரத்தில் தனியே பதிவுசெய்து வைத்தால், பின்னர் டப்பிங்கில் குரலைத் திரும்ப அதே கூரையின்கீழ் கொண்டுவந்து நிறுத்தலாம். மணிக்கொருமுறை அடிக்கும் பெருமணிகளை நிறுத்த முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். லிங்கனின் 'கிரேட் டாம்' மணி 2005 படப்பிடிப்புக்காகச் சில நாள்கள் மௌனம் காத்தது. விமானங்களை நிறுத்தச் சொல்ல இயலாது. லிங்கனுக்குச் சற்றுத் தெற்கே வாடிங்டன் விமானப்படைத் தளம் இருப்பதை ஒலிப்பதிவாளர் முதல் நாள் காலையிலேயே உணர்ந்துகொள்வார்.

கூட்டமும் மரியாதையும்

முடிசூட்டுக் காட்சிக்கு நூற்றுக்கணக்கான துணை நடிகர்கள் வேண்டும். அவர்களுக்கு உடை மாற்ற வெளியே பந்தல், வெந்நீர், கழிப்பறை, குளிரைத் தாங்க உடைக்குள் அணியும் வெப்ப உள்ளாடை ஆகியவை தேவை. கோடையிலும் பேராலயத்தின் உள்ளே சில்லென்றிருக்கும். உணவும் பானமும் பந்தலோடு நிற்கட்டும். எவ்வளவு சொன்னாலும் யாரோ ஒருவர் தேநீர்க் கோப்பையை ஏதோ ஒரு பிஷப்பின் கல்லறை மேல் வைத்துவிடுவார். நாள் தொடங்கும்முன் வெர்ஜரையே பேசவைத்து எவை கல்லறைகள் என்று காட்டச் சொன்னால் பலன் அதிகம். பேராலயத்தின் பீடத்தைக் கதையின் பீடமாகப் பயன்படுத்தாமல் தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள். பிஷப்பின் ஆசனத்தில் நடிகர் உட்காரலாமா என்பதைத் தனியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பேராலயத்தின் பாடகர் குழுவையே திரையில் பாடவைக்க விரும்பினால் அதில் சிறுவர்கள் இருப்பார்கள். அவர்கள் நடிப்பதற்கு உள்ளாட்சி நிர்வாகத்தின் உரிமம் பெற வேண்டும், வேலை நேரத்துக்கும் வரம்பு உண்டு. பெரும்பாலான பேராலயங்களில் இன்று சிறுமியரும் பாடுகின்றனர். சாலிஸ்பரி 1991-இல் சிறுமியர் குழுவைத் தொடங்கிய பிறகு பரவிய மாற்றம் அது. 1838-இல் நடக்கும் விக்டோரியாவின் முடிசூட்டுக்குச் சிறுவர் குழுவை மட்டுமே கேட்டுப் பெறுவது சரியாக இருக்கும்.

ஒப்படைப்பும் மறுபடப்பிடிப்பும்

முதல் லாரி வருமுன், நீங்கள் தொடவிருக்கும் ஒவ்வொரு தூண் அடிப்பாகத்தையும் தரைக்கல்லையும் கதவு நிலையையும் தேதியோடு படமெடுத்து, பேராலயத்தின் கட்டடப் பொறுப்பாளரிடம் ஒரு பிரதியைக் கொடுங்கள். ஏற்கெனவே இருந்த விரிசலுக்கு நீங்கள் பொறுப்பாகாமல் இருக்கவும், நீங்கள் உண்டாக்கியதை மறுக்க முடியாமல் இருக்கவும் இது ஒன்றே வழி. செட்டைப் பிரிக்க, அமைக்க எடுத்த நேரத்தில் பாதியாவது ஒதுக்குங்கள். கடைசி நாள் இரவில் களைத்த ஆள்கள் அவசரமாகப் பலகைகளை இழுக்கும்போதுதான் பெரும்பாலான சேதங்கள் நேர்கின்றன. சிந்திய மெழுகைக் கத்தியால் சுரண்டக் கூடாது. அதை அப்படியே விட்டுக் கட்டடப் பொறுப்பாளருக்குச் சொன்னால், அவருடைய ஆள்கள் கல்லுக்கேற்ற முறையில் எடுப்பார்கள், செலவு உங்களுடையது.

படத்தொகுப்பின்போது ஒரு நெருக்கக்காட்சி விடுபட்டது தெரியவரும். அப்போது பேராலயம் கிறிஸ்துமஸ் பாடல் நிகழ்ச்சிகளில் மூழ்கியிருக்கும். ஆகவே மறுபடப்பிடிப்புக்கான ஒரு நாளை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி, தேதியைப் பிறகு முடிவுசெய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். தூண், சுவர், தரை ஆகியவற்றின் மேற்பரப்பை லேசர் அளவீடாகவும் நுண்புகைப்படங்களாகவும் பதிவுசெய்து வந்தால் ஸ்டுடியோவில் ஒரு மூலையை மட்டும் அச்சு அசலாக எழுப்பி அந்த நெருக்கக்காட்சியை முடித்துவிடலாம். அந்த அளவீட்டைப் படத்துக்கு வெளியே, விளையாட்டு மென்பொருளுக்கோ வேறு தொடருக்கோ பயன்படுத்தும் உரிமை படப்பிடிப்பு அனுமதியில் தானாக அடங்காது. எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தப் படைப்புக்கு என்பதைச் சாப்டரோடு தனி விதியாக எழுதிக்கொள்ள வேண்டும்.